எலக்ட்ரான் யாரிடம் இருக்கிறது? அணு, அயனி, பிணைப்பு பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேதியியல் புத்தகத்தை முதல் தடவை திறப்பவரானாலும் சரி, பல வருடம் கழித்துத் திரும்பத் திறப்பவரானாலும் சரி, முதல் பத்துப் பக்கத்துக்குள் முப்பது சொற்கள் வந்து விழும். அணு, தனிமம், மூலக்கூறு, சேர்மம், அயனி, இணைதிறன், சகப்பிணைப்பு... ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை இருக்கும். மனப்பாடம் செய்தால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அடுத்த பாடத்தில் அதே சொல் வேறு இடத்தில் வந்தால் கை ஓடாது.

நானும் அப்படித்தான் படித்தேன். "அயனி என்றால் மின்சுமை பெற்ற அணு" என்று ஒப்பிப்பேன். சோடியம் அயனிக்கு ஏன் நேர்மின்சுமை என்று கேட்டால், "அது உலோகம், அதனால்" என்று சமாளிப்பேன். பின்னாளில் வேறு சிலருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குக் கிடைக்கும் வெவ்வேறு பதில்கள். எலக்ட்ரான் இப்போது யாரிடம் இருக்கிறது? அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கீழே உள்ள படிகளில் போகப்போகிறோம்.

தேவையானவை: தனிம வரிசை அட்டவணை ஒன்று, தாள், பென்சில், முக்கியமாக அழிப்பான். குறியீடுகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். இங்கே எல்லாவற்றையும் பெயர் சொல்லியே பார்ப்போம்.

இன்னொன்று. இணையத்தில் தமிழில் தேடும்போது இரண்டு வகைக் கலைச்சொற்கள் கலந்து வரும். இலங்கைப் பாடநூல்களில் எலக்ட்ரான் என்பது இலத்திரன், தனிமம் என்பது மூலகம், சேர்மம் என்பது சேர்வை, அயனி என்பது அயன், சகப்பிணைப்பு என்பது பங்கீட்டுவலுப் பிணைப்பு. பொருள் ஒன்றுதான். சொல்லப்போனால் "பங்கீடு" என்ற சொல் விஷயத்தை இன்னும் நேராகச் சொல்கிறது. ஆனாலும் நான் பழகிய சொற்களிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள்

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்கள், சுமையே இல்லாத நியூட்ரான்கள். கருவுக்கு வெளியே எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள். ஒரு புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல ஏறக்குறைய 1836 மடங்கு. ஆனால் மின்சுமையின் அளவில் இரண்டும் சரிசமம், குறிதான் எதிரெதிர். இந்தச் சமம்தான் பின்னால் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

இந்த மூன்றும் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் கண்டார். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் நேர்மின்சுமை கொண்ட ஆல்ஃபா துகள்களை மோதவிட்ட சோதனையில் மிகச் சில துகள்கள் மட்டும் திரும்பி வந்தன. அதை வைத்து, அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு கருவில் குவிந்திருக்கிறது என்று 1911இல் ரூதர்ஃபோர்டு சொன்னார். நியூட்ரானை சாட்விக் கண்டுபிடிக்க 1932 ஆகிவிட்டது. சுமை இல்லாத துகளைப் பிடிப்பது அத்தனை சுலபமில்லை.

இப்போது மூன்று எண்கள். புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் நிறை எண். மூன்றாவது, எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. இந்த மூன்றில் எது மாறினால் என்ன ஆகும் என்பதைத் தாளின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

புரோட்டான் மாறினால் தனிமமே மாறிவிடும்.
நியூட்ரான் மாறினால் அதே தனிமத்தின் வேறு ஐசோடோப்பு.
எலக்ட்ரான் மாறினால் அதே தனிமத்தின் அயனி.

புதியவர்கள் செய்யும் குழப்பத்தில் பாதி இந்த மூன்று வரியில் தீர்ந்துவிடும். வேதிவினை எதிலும் புரோட்டான் எண்ணிக்கை மாறாது. சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் நியானாகிவிடுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் இரண்டுக்கும் எலக்ட்ரான் பத்து. ஆனால் கருவில் இருக்கும் 11 புரோட்டான்கள் அப்படியே இருக்கின்றன. அதனால் அது சோடியம்தான்.

ஐசோடோப்பை இங்கேயே முடித்துவிடலாம். கார்பன் 12, கார்பன் 13, கார்பன் 14 மூன்றிலும் புரோட்டான் 6. நியூட்ரான் முறையே 6, 7, 8. பிணைப்பு அமைப்பது எலக்ட்ரானின் வேலை என்பதால் மூன்றும் ஒரே மாதிரிதான் வினைபுரியும். அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருப்பதைப் பார்த்து, அரை நியூட்ரான் எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நான்கில் மூன்று பங்கு நிறை எண் 35, ஒரு பங்கு 37. அவற்றின் சராசரி அது. நிறை எண் எப்போதும் முழு எண்தான். சராசரி அணு நிறைதான் புள்ளியோடு வரும்.

பயிற்சி ஒன்று: அலுமினியத்தின் அணு எண் 13, நிறை எண் 27. நியூட்ரான் எத்தனை? 14. இதைத் தயங்காமல் சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: மூலக்கூறும் சேர்மமும் ஒன்றல்ல

ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம். வெவ்வேறு தனிமங்கள் வேதியியல் முறையில் இணைந்தால் சேர்மம். சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் பிணைப்பு, ஆறாம் படியில் வரும்) சேர்ந்து ஒரு தனிக் கூட்டமாக நிற்கும் அணுக்கள் மூலக்கூறு. ஆக, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஆக்சிஜன் வாயு ஒரு மூலக்கூறு, ஆனால் சேர்மம் அல்ல. நீர் இரண்டும்தான். சோடியம் குளோரைடு சேர்மம், ஆனால் அந்தப் படிகத்துக்குள் மூலக்கூறு என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

மூன்றாம் படி: எலக்ட்ரான்களை அடுக்குங்கள்

இதற்குத்தான் பென்சில். எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிக் கூடுகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கூட்டில் 2 வரை, இரண்டாவதில் 8 வரை. மூன்றாவதில் 18 வரை இடம் உண்டு என்றாலும், முதல் 20 தனிமங்களுக்கு மூன்றாவதில் 8 நிரம்பியதும் அடுத்தது நான்காவதுக்குப் போய்விடும். அதனால் பொட்டாசியம் 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதாதவர்கள் குறைவு. ஒரு தடவை எழுதி அழித்தால் அப்புறம் மறக்காது.

ஹைட்ரஜனில் தொடங்கிக் கால்சியம் வரை இருபதையும் உங்கள் கையால் எழுதுங்கள். கால் மணி நேர வேலைதான். எழுதி முடித்ததும் லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2, 1. 2, 8, 1. 2, 8, 8, 1. கடைசி எண் மூன்றிலும் ஒன்றே. அட்டவணையில் மூன்றும் ஒரே செங்குத்துத் தொகுதியில் இருக்கின்றன. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், 1869இல், தனிமங்களின் குணத்தையும் நிறையையும் மட்டும் பார்த்து மெண்டலீவ் அட்டவணை போட்டார். அவர் கண்ட ஒழுங்குக்கான காரணம் இப்போது உங்கள் தாளில் கடைசி எண்ணாக நிற்கிறது.

அந்தக் கடைசிக் கூட்டு எலக்ட்ரான்களுக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் என்று பெயர். உள்ளே இருப்பவை பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவை. பிணைப்பில் இறங்குபவை இவைதான். இணைதிறன் என்ற சொல் இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. ஓர் அணு எத்தனை பிணைப்பு அமைக்கும் அல்லது எத்தனை எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும் என்பது அது. ஆக்சிஜனின் இணைதிறன் எலக்ட்ரான்கள் 6, இணைதிறன் 2. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் நீரின் வாய்பாடே தப்பாகிவிடும்.

கடைசிக் கூட்டில் 8 எலக்ட்ரான் இருந்தால் (ஹீலியத்துக்கு 2) அது மந்த வாயு. நியான், ஆர்கான் எல்லாம் யாரோடும் சேராமல் தனியாகவே இருப்பவை. மற்ற அணுக்கள் சேரும்போது பெரும்பாலும் இந்த எட்டு என்ற அமைப்பில் போய் முடிகின்றன. இதற்கு எண்ம விதி என்று பெயர்.

ஒரு எச்சரிக்கை. கோள்கள் சூரியனைச் சுற்றுவது போல எலக்ட்ரான் சுற்றும் படம் 1913இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் கொடுத்த மாதிரியை ஒட்டியது. உண்மையில் எலக்ட்ரானுக்கு அப்படி ஒரு பாதை கிடையாது. இந்த இடத்தில் இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். ஆனால் தொடங்குபவருக்குக் கூடுகளே போதும். மேலே ஏறியதும் ஏணியைத் தள்ளிவிடலாம். இப்போதே தள்ளினால் ஏற முடியாது.

நான்காம் படி: அயனியின் குறியைக் கணக்கிடுங்கள், யூகிக்காதீர்கள்

அயனி என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, "செல்வது" என்று பொருள். கரைசலில் மின்சாரம் செலுத்தும்போது மின்வாய்களை நோக்கி ஏதோ நகர்ந்து போவதைப் பார்த்து 1834இல் ஃபாரடே இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

சோடியத்துக்குப் புரோட்டான் 11, எலக்ட்ரான் 11. சுமை பூச்சியம். வெளிக்கூட்டின் ஒற்றை எலக்ட்ரான் போனால் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. பதினொன்றிலிருந்து பத்தைக் கழித்தால் 1+. குளோரினுக்குப் புரோட்டான் 17, எலக்ட்ரான் 17. ஒன்று வந்து சேர்ந்தால் 17 கழித்தல் 18, அதாவது 1−. முதலாவது நேர்மின் அயனி, இரண்டாவது எதிர்மின் அயனி.

"இழந்தது என்றால் கழித்தல் குறிதானே?" என்று கேட்காதவர் இல்லை. இழந்தது எதிர்மின்சுமையை. கடன் போனால் கையிருப்பு ஏறுவது மாதிரி. இந்த உவமை ஒட்டவில்லை என்றால், புரோட்டான் எண்ணிலிருந்து எலக்ட்ரான் எண்ணைக் கழியுங்கள், விடை குறியோடு வந்துவிடும். எத்தனை நாள் படித்தாலும் நான் இந்தக் கழித்தலைத்தான் செய்கிறேன்.

சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது? இங்கேதான் அயனியாக்கும் ஆற்றல் என்ற சொல் உதவுகிறது. வாயு நிலையில் தனியாக இருக்கும் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றல் அது. ஒரு மோல் சோடியத்துக்கு, அதாவது 6.022 × 10²³ அணுக்களுக்கு, முதல் எலக்ட்ரானை எடுக்க 496 கிலோஜூல். இரண்டாவதை எடுக்க 4562 கிலோஜூல். ஒரே பாய்ச்சலில் ஒன்பது மடங்கு. காரணம், இரண்டாவது எலக்ட்ரான் கருவுக்கு நெருக்கமான உள்கூட்டில் இருக்கிறது. மக்னீசியத்தில் முதல் இரண்டும் 738, 1451. மூன்றாவது 7733. எனவே மக்னீசியம் 2+ இல் நிற்கிறது. நீங்கள் தாளில் எழுதிய கூடுகளின் எல்லை இந்த எண்களில் அப்படியே தெரிகிறது.

எலக்ட்ரான் போனாலும் வந்தாலும் அளவும் மாறும். சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், அயனியாகும்போது 102. குளோரின் அணு 99, குளோரைடு அயனி 181. (மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்.) குணமோ தலைகீழாக மாறிவிடும். சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் அளவுக்கு வினைபுரியும். சோடியம் அயனியோ கடல் முழுக்க அமைதியாகக் கரைந்து கிடக்கிறது.

பெயர்களில் கவனிக்க வேண்டியது இது. தனி அணுவாக இருக்கும் எதிர்மின் அயனியின் பெயர் "ஐடு" என்று முடியும்: குளோரைடு, ஆக்சைடு, சல்பைடு. "ஏட்" என்று முடிந்தால் பெரும்பாலும் கூடவே ஆக்சிஜனும் இருக்கிறது: சல்பேட், நைட்ரேட், கார்பனேட். இவை பல்லணு அயனிகள், உள்ளுக்குள் சகப்பிணைப்பால் சேர்ந்து, மொத்தமாக ஒரு சுமையைச் சுமப்பவை. ஹைட்ராக்சைடு போன்ற சில பல்லணு அயனிகள் ஆக்சிஜன் இருந்தும் "ஐடு" என்று முடிந்து ஏமாற்றும். இரும்பு போன்ற இடைநிலை உலோகங்களுக்கு 2+, 3+ என ஒன்றுக்கு மேற்பட்ட சுமை உண்டு. அதற்குக் குறுக்குவழி இல்லை, பெயரில் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: அயனிப் பிணைப்பில் யார் செலவு செய்கிறார்கள்?

"சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது. குளோரின் வாங்க விரும்புகிறது. கொடுத்து வாங்கிக்கொண்டு இரண்டும் மகிழ்ச்சியாகின்றன." அனேகமாக எல்லோருக்கும் இப்படித்தான் சொல்லித்தரப்படுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது.

வரவு செலவைப் பார்ப்போம், எல்லாம் ஒரு மோலுக்கு. திடச் சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 107 கிலோஜூல் செலவு. குளோரின் மூலக்கூற்றை உடைத்து ஒரு மோல் குளோரின் அணுக்களை எடுக்க 122 செலவு. சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 செலவு. மொத்தம் 725. குளோரின் அந்த எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும்போது 349 வரவு. இதற்குப் பெயர் எலக்ட்ரான் நாட்டம். இந்த இடத்தில் நிறுத்தினால் 376 கிலோஜூல் நஷ்டம். கொடுக்கல் வாங்கல் மட்டும்தான் விஷயம் என்றால் உப்பு உருவாகவே கூடாது.

நஷ்டத்தை ஈடுகட்டுவது அடுத்த வரி. நேர், எதிர் அயனிகள் ஒன்றையொன்று இழுத்து, நெருங்கி, வரிசையாக அடுக்கிப் படிகமாகும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. இதைப் படிகக்கூடு ஆற்றல் என்பார்கள். இப்போது கணக்கு 411 கிலோஜூல் லாபத்தில் முடிகிறது.

ஆக, அயனிப் பிணைப்பு என்பது எலக்ட்ரான் கைமாறியது அல்ல. கைமாறியதால் உண்டான எதிரெதிர் சுமைகளின் இழுப்புதான் பிணைப்பு. அந்த இழுப்பு ஒரு ஜோடிக்குள் அடங்குவதும் இல்லை. சோடியம் குளோரைடு படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இதில் எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரைடு சொந்தம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் அங்கே மூலக்கூறு கிடையாது. வாய்பாடு சொல்வது விகிதத்தை மட்டும்.

அந்த வாய்பாட்டை எழுதும் முறை எளிது. அலுமினியம் 3+, ஆக்சைடு 2−. எண்களைக் குறுக்காக மாற்றிப் போடுங்கள்: அலுமினியம் 2, ஆக்சிஜன் 3. சரிபார்க்க: இரண்டு மூன்று ஆறு நேர், மூன்று இரண்டு ஆறு எதிர். மக்னீசியம் ஆக்சைடில் 2, 2 என்று வந்தால் சுருக்கி 1, 1 ஆக்கிவிடுங்கள். பல்லணு அயனி வந்தால் அதை முழுதாக அடைப்புக்குள் போட்டுவிட்டு வெளியே எண்ணைப் போட வேண்டும். அடைப்பை மறப்பது பொதுவான தவறு.

இந்த இழுப்பை மனதில் வைத்தால் குணங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாத் திசையிலும் இழுப்பு, அதனால் உருகுநிலை அதிகம்: சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுமை இரண்டிரண்டாக இருக்கும் மக்னீசியம் ஆக்சைடுக்கு 2800க்கும் மேல். திடநிலையில் அயனிகள் நகர முடியாது, எனவே மின்சாரம் பாயாது. உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ நகரும், பாயும். சுத்தியலால் தட்டினால் ஒரு வரிசை நழுவி நேருக்கு எதிரே நேர் வந்து நிற்கும், விலக்கும், படிகம் பிளந்துவிடும்.

ஆறாம் படி: சகப்பிணைப்பில் எலக்ட்ரான் இருவருக்கும் பொது

இரண்டு குளோரின் அணுக்கள் சந்தித்தால்? இரண்டுக்கும் ஒன்று குறைகிறது, இரண்டும் விட்டுக்கொடுக்காது. ஆளுக்கு ஒன்று போட்டு ஒரு ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இந்த ஜோடி என்ற கருத்தை 1916இல் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்தார். புள்ளி வைத்து எலக்ட்ரானைக் காட்டும் முறையும் அவருடையதே.

ஏன் பொதுவில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்? இரண்டு கருக்களுக்கு நடுவே எதிர்மின்சுமை நிற்கிறது, இரண்டு கருக்களும் அதை இழுக்கின்றன. ரொம்ப நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று விலக்கும். இழுப்பும் விலக்கலும் சமன்படும் தூரம்தான் பிணைப்பு நீளம். ஹைட்ரஜன் மூலக்கூற்றில் அது 74 பிக்கோமீட்டர். அந்த நிலையிலிருந்து பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் கொடுக்க வேண்டும்.

இதில் பலர் சறுக்குகிறார்கள். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று நினைக்கிறார்கள். இல்லை. உடைக்க எப்போதும் செலவு, உருவாகும்போதுதான் வரவு. எரிபொருள் எரியும்போது வெப்பம் வருகிறதே என்றால், உடைந்தவற்றைவிடப் புதிதாக உருவான பிணைப்புகள் வலுவானவை, அந்த வித்தியாசம்தான் வெப்பமாக வருகிறது.

புள்ளி அமைப்பு வரைவதைக் கார்பன் டை ஆக்சைடை வைத்துப் பழகுவோம். முதலில் இணைதிறன் எலக்ட்ரான்களைக் கூட்டுங்கள்: கார்பன் 4, ஆக்சிஜன் 6, இன்னொரு ஆக்சிஜன் 6, மொத்தம் 16. கார்பனை நடுவில் வைத்து இருபுறமும் ஒற்றைப் பிணைப்பு போடுங்கள். 4 செலவு, மிச்சம் 12. அதை ஓரத்து அணுக்களுக்கு முதலில் கொடுங்கள், ஆளுக்கு 6. இரண்டு ஆக்சிஜனுக்கும் எட்டு வந்துவிட்டது. கார்பனை எண்ணுங்கள்: நான்குதான். கையில் மிச்சம் எதுவும் இல்லை. அப்படியானால் ஒவ்வொரு ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனி ஜோடியை (பிணைப்பில் சேராமல் இருக்கும் ஜோடி) எடுத்து நடுவில் பிணைப்பாக வையுங்கள். இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு, எல்லோருக்கும் எட்டு. அயனியாக இருந்தால் முதல் கூட்டலிலேயே சுமையைச் சேருங்கள்: 2− என்றால் இரண்டு எலக்ட்ரான் கூட, 1+ என்றால் ஒன்று குறைவு.

ஒரு ஜோடி ஒற்றைப் பிணைப்பு, இரண்டு இரட்டை, மூன்று முப்பிணைப்பு. ஜோடி கூடக்கூட நீளம் குறையும், வலு ஏறும். இரண்டு கார்பன்களுக்கு நடுவே நீளம் 154, 134, 120 பிக்கோமீட்டர் என்று இறங்குகிறது. நைட்ரஜன் வாயுவின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனாக இருந்தும் அது எதோடும் லேசில் வினைபுரியாததற்கு இதுதான் காரணம்.

பொதுவில் வைக்கும் ஜோடியை ஒருவரே போட்டால் அது ஈதல் சகப்பிணைப்பு. அமோனியாவின் நைட்ரஜன் தன்னிடம் சும்மா இருக்கும் தனி ஜோடியை, எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுத்தால் அம்மோனியம் அயனி உருவாகும். உருவான பிறகு நான்கு பிணைப்பில் எது ஈதல் பிணைப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. நான்கும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

ஏழாம் படி: பங்கு சமமா என்று பாருங்கள்

பொதுவில் வைத்தாலும் பங்கு சமமாக இருக்க வேண்டியதில்லை. பிணைப்பில் இருக்கும் ஜோடியைத் தன் பக்கம் இழுக்கும் திறன் எலக்ட்ரான் கவர்தன்மை. 1932இல் லைனஸ் பாலிங் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அந்த அளவில் ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. அட்டவணையில் வலப்புறம் போகப் போகவும் மேலே ஏற ஏறவும் கூடும் என்று நினைவில் வைத்தால் போதும், மந்த வாயுக்களை விட்டுவிட்டு.

வித்தியாசம் சுமார் 1.7க்கு மேல் என்றால் அயனிப் பிணைப்பு, கீழே என்றால் சகப்பிணைப்பு என்று புத்தகங்கள் சொல்லும். தொடக்கத்துக்குச் சரி, ஆனால் சத்தியவாக்காக எடுக்காதீர்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, ஆனால் அது சகப்பிணைப்பு மூலக்கூறுதான். முழுச் சமப் பங்கிலிருந்து ஏறக்குறைய முழுக் கைமாற்றம் வரை இது ஒரே சரிவு. எங்கே கோடு கிழிப்பது என்பது நம் வசதி.

இடையில் இருப்பவை முனைவுள்ள சகப்பிணைப்புகள். நீரில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர். மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருப்பதால் மொத்தமும் முனைவுடையதாகிறது. கார்பன் டை ஆக்சைடிலும் பிணைப்புகள் முனைவுள்ளவைதான், ஆனால் நேர்கோட்டில் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று ரத்துசெய்துவிடுகின்றன. பிணைப்பை மட்டும் பார்த்து மூலக்கூறைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

மிச்சமிருக்கும் இரண்டு சொற்கள்

உலோகப் பிணைப்பில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் கட்டி முழுவதும் உலவுகின்றன. "எலக்ட்ரான் யாரிடம்?" என்றால், எல்லோரிடமும். திடநிலையிலேயே மின்சாரம் கடத்துவதும், தட்டினால் உடையாமல் தகடாவதும் இதனால்தான்.

ஹைட்ரஜன் பிணைப்பு பெயரில் மட்டும் பிணைப்பு. அது மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள ஈர்ப்பு. ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் இவற்றில் ஒன்றோடு இணைந்த ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூற்றின் தனி ஜோடியால் ஈர்க்கப்படுகிறது. நீரில் அதன் வலு உள்ளே இருக்கும் சகப்பிணைப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அது இருப்பதால்தான் நீர் 100 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. அதே தொகுதிக் கந்தகத்தின் ஹைட்ரஜன் சல்பைடு −60 டிகிரியிலேயே வாயுவாகிவிடுகிறது. நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை. பிரிவது மூலக்கூறுகள்.

அப்புறம் எண்ம விதி. போரான் டிரை ஃபுளூரைடில் போரானுக்கு ஆறுதான், சல்பர் ஹெக்சா ஃபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. யாரோடும் சேராது என்று நம்பப்பட்ட மந்த வாயுக்களில் ஒன்றான செனானையே 1962இல் நீல் பார்ட்லெட் சேர்மமாக்கிக் காட்டிவிட்டார். கணக்கு எட்டில் முடியவில்லை என்றால் உங்கள் தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் அந்த அணு அட்டவணையில் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் நான்கும் எட்டைத் தாண்டாது. மூன்றாம் வரிசையிலிருந்து தாண்டலாம்.

கடைசியாக ஒரு பயிற்சி

அம்மோனியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகமே இல்லை, ஆனாலும் அது அயனிச் சேர்மம். அம்மோனியத்துக்கும் குளோரைடுக்கும் இடையே அயனிப் பிணைப்பு, அம்மோனியத்துக்குள்ளே சகப்பிணைப்பு, அதில் ஒன்று ஈதல் வழியில் வந்தது. ஒரே பொருளில் மூன்றும்.

இப்போது அம்மோனியத்தின் புரோட்டான்களை எண்ணுங்கள். நைட்ரஜன் 7, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, மொத்தம் 11. எலக்ட்ரான் 10. நான்காம் படியில் எழுதிய சோடியம் அயனிக்கும் இதே 11, இதே 10. அங்கே பதினொன்றும் ஒரே கருவில், இங்கே ஐந்து கருக்களில் பிரிந்து கிடக்கின்றன. இதே போல ஹைட்ராக்சைடு அயனியையும் எண்ணிப் பாருங்கள். எந்த ஓரணு அயனியோடு அது ஒத்துப்போகிறது என்பதை அட்டவணையைப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.